‘அன்லாக்’ போன் என்றால் எல்லா லைனிலும் பேசுமா? கேள்வி பதில்

வெளிநாட்டில் வாங்கிய போன், கைமாறி வந்த போன், ஊரிலிருந்து கொண்டு வந்த போன் சிங்கப்பூர் லைனில் ஓடுமா என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். சிராங்கூன் சாலைப் பக்கம் போன் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பதால் தினமும் இதே விவகாரத்தைத்தான் பார்க்கிறேன். ‘அன்லாக்’ என்றால் வேறு நிறுவனத்தின் சிம்மைப் போடத் தடை இல்லை, அவ்வளவுதான் அர்த்தம். போட்ட சிம்மில் பேச முடியுமா என்பது வேறு கேள்வி. அதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைப் போனில் போடுகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. அதனால் சிலவற்றுக்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அண்ணே, துவாஸ் டார்மில் இருக்கேன். கூட வேலை பார்த்தவர் ஊருக்குப் போகும்போது அவர் போனை 120 வெள்ளிக்கு வாங்கினேன். அன்லாக் போன்தான். நெட் நல்லா வருது, அம்மாவிடம் வாட்ஸ்அப் வீடியோவில் பேசுறேன். ஆனா நம்பர் போட்டுக் கூப்பிட்டா உடனே கட் ஆகுது. சிம் கோளாறா?

சிம்மில் கோளாறு இருக்காது தம்பி. நெட் போகும் வழியும் குரல் போகும் வழியும் பழைய 4ஜி போன்களில் வேறு வேறு. 4ஜி அவற்றுக்கு நெட்டுக்கு மட்டும்தான். நீங்கள் நம்பரைப் போட்டதும் போன் 4ஜியை விட்டு 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கும், பேசி முடித்ததும் திரும்ப ஏறிக்கொள்ளும். சிங்கப்பூரில் 2017 ஏப்ரலில் 2ஜியை மூடத் தொடங்கினார்கள். 2024இல் 3ஜிக்கும் முடிவு வந்தது. ஆக, இறங்க இப்போது படியே கிடையாது. குரலும் 4ஜி வழியாகவே போயாக வேண்டும். இதைத்தான் வோல்ட்டி என்கிறார்கள்.

இப்போதே ஒரு நண்பர் நம்பரைப் போட்டுவிட்டு, போனைக் காதில் வைக்காமல் திரையின் மேல் வரியைப் பாருங்கள். 4ஜி என்ற எழுத்து மறையும். சிக்னல் கோடுகள் காலியாகும். சில போன்களில் ‘எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி’ என்று ஒரு கணம் வந்து போகும். அழைப்பு அறுந்ததும் 4ஜி பழையபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். இப்படி நடந்தால், இல்லாத 3ஜியைத் தேடிப் போய்த் தோற்றுத் திரும்புகிறது என்று அர்த்தம். வோல்ட்டி வேலை செய்கிற போனில் பேசி முடிக்கும்வரை 4ஜி எழுத்து அசையாமல் நிற்கும்.

முதலில் செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க் பகுதிக்குப் போய் ‘வோல்ட்டி கால்ஸ்’ பட்டன் இருக்கிறதா பாருங்கள். அணைந்திருந்தால் போட்டுவிடுங்கள். பட்டனே இல்லாவிட்டால் சாஃப்ட்வேர் அப்டேட்டை முடித்துவிட்டுத் திரும்பப் பாருங்கள். ஷாவ்மி போன் என்றால் அழைக்கும் இடத்தில் *#*#86583#*#* அழுத்திப் பார்க்கலாம். லைன் நிறுவனம் அனுமதித்த மாடலா என்று போனின் சாஃப்ட்வேர் பார்க்கும் சோதனையை அது தள்ளி வைக்கும், பல மாடல்களில் பட்டன் வந்துவிடும். அப்படியும் வரவில்லையென்றால் வேறு நிறுவனத்தின் சிம்மைப் போட்டுப் பாருங்கள்.

எதிலும் பேச முடியவில்லை என்றால் தயவுசெய்து அந்தப் போனை மட்டும் நம்பி இருக்காதீர்கள். வேலையிடத்தில் யாருக்காவது அடிபட்டால் 995ஐ வாட்ஸ்அப்பில் கூப்பிட முடியாது. அவசர அழைப்புக்கும் வோல்ட்டி வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபரில் 3ஜியை மூடியபோது, 4ஜியில் அவசர எண்ணைக் கூப்பிட முடியாத போன்களை நெட்வொர்க்கிலேயே விடாமல் தடுத்தார்கள். அந்த அளவுக்கு உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அதற்காக 995, 999 எண்களைப் போட்டுச் சோதித்துவிடாதீர்கள்! நண்பரின் நம்பர் போதும்.

அப்படியென்றால் அதே மாடலை வைத்திருக்கும் என் அறைத் தோழர் மட்டும் எப்படிப் பேசுகிறார்? அவர் லைன் வேறு.

லைன் வேறு என்பதுதான் காரணமாக இருக்கும். போனின் சாஃப்ட்வேருக்குள் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனி வோல்ட்டி அமைப்பு இருக்கிறது. ஒரு மாடலில் சிங்டெல் அமைப்பு இருந்து, ஸ்டார்ஹப் அமைப்பு இல்லாமல் போகலாம். இல்லை, நேர்மாறாகவும் இருக்கலாம். இன்னொன்று: ஒரே பெயரில் விற்றாலும் இந்தியாவுக்குச் செய்ததும் இங்கே விற்பதும் உள்ளே ஒன்றல்ல. பெயரைப் பார்க்காதீர்கள், பெட்டியில் அல்லது ‘அபௌட் போன்’ பகுதியில் இருக்கும் மாடல் எண்ணைப் பாருங்கள். அந்த எண்ணைச் சொல்லி லைன் நிறுவனத்திடமே கேட்கலாம்.

என் மைத்துனர் அமெரிக்காவிலிருந்து ஐபோன் கொண்டு வருகிறார். ‘அன்லாக்’ என்கிறார். நான் செங்காங்கில் இருக்கிறேன், எம்1 லைன். வாங்கலாமா அண்ணா?

வாங்கலாம் அம்மா, ஆனால் இரண்டு விஷயத்தை அவர் விமானம் ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஒன்று, பூட்டு. இங்கே பூட்டாத போனையே வாங்கிப் பழகிவிட்டதால் நமக்கு இந்த ஞாபகமே வருவதில்லை. அமெரிக்காவில் தவணையில் வாங்கிய போன், பணம் கட்டி முடியும்வரை அந்த நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்பது சாதாரணம். செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் என்று போனால் கீழே ‘கேரியர் லாக்’ என்று ஒரு வரி இருக்கும். ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்று இருந்தால்தான் பூட்டு இல்லை. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வாய்வார்த்தை வேண்டாம், உறவில் மனக்கசப்புதான் மிஞ்சும்.

இரண்டாவது, சிம் போடும் இடம். ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் சிம் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இசிம் மட்டும்தான். எம்1, சிங்டெல், ஸ்டார்ஹப் மூன்றுமே இசிம் தருகின்றன, அதனால் ஓடும். ஆனால் ஊருக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் சிம் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தால் முடியாது. வருடா வருடம் ஊருக்குப் போகிறவர் என்றால் இதை யோசியுங்கள். அலைவரிசை பற்றிக் கவலை வேண்டாம். இங்கே 4ஜிக்குப் பயன்படும் 900, 1800, 2100, 2600 மெகாஹெர்ட்ஸ் எல்லாம் ஐபோன்களில் உண்டு.

பாட்டி தஞ்சாவூரிலிருந்து எங்களோடு ஆறு மாதம் தங்க வந்திருக்கிறார். அவருடைய பட்டன் போனில் இங்கத்து சிம் போட்டால் ‘நோ சர்வீஸ்’ என்கிறது. ஊரில் நன்றாக ஓடிய போன்!

ஊரில் ஓடியது 2ஜி. ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா) இரண்டும் இந்தியாவில் இன்னும் 2ஜியை வைத்திருக்கின்றன, அதனால் அந்தப் போன் அங்கே அருமையாக ஓடும். இங்கே 2ஜி இல்லை, அதனால் போனுக்கு ஊரே காலி. ரிப்பேர் செய்தும் பயனில்லை, யாராவது ‘சரிசெய்து தருகிறேன்’ என்றால் பணம் கொடுக்காதீர்கள்.

பாட்டிக்குப் பட்டன்தான் கைக்குப் பழக்கம் என்றால் 4ஜி பட்டன் போன்கள் இருக்கின்றன, நோக்கியாவிலேயே கிடைக்கும். பெட்டியில் 4ஜி, வோல்ட்டி இரண்டும் எழுதியிருக்க வேண்டும். இங்கேயே கடையில் வாங்குங்கள். வோல்ட்டி இல்லாத போன்களை விற்க இங்கே தகவல் தொடர்பு ஆணையமான ஐஎம்டிஏ 2024லிருந்தே கடைகளை அனுமதிப்பதில்லை. ஊரில் ‘ஜியோபோன்’ வாங்கி அனுப்பச் சொல்லாதீர்கள், அது ஜியோவுக்கே பூட்டிய போன்.

தம்பிக்குத் திருச்சியில் கல்யாணம். இங்கே சாம்சங் போன் வாங்கிப் பரிசாகக் கொண்டு போகிறேன். அவன் ஜியோ. பெட்டியைப் பிரிக்காமல் கொடுத்தால்தான் அழகு. சரிதானே?

மாப்பிள்ளைக்குக் கொடுப்பது, பிரிக்காமல் கொடுக்க ஆசை இருக்கும், புரிகிறது. ஆனால் பெட்டியின் வெளிப்புறத்தை நன்றாகப் பாருங்கள். ‘இந்தப் பகுதியின் சிம்மோடு முதலில் பயன்படுத்த வேண்டும்’ என்ற பொருளில் ஒரு ஸ்டிக்கர் இருந்தால், அந்தப் பகுதியில் வைத்து உள்ளூர் சிம்மில் மொத்தம் 5 நிமிடமாவது பேசிய பிறகே வேறு நாட்டு சிம்மை அது ஏற்கும். வாட்ஸ்அப்பில் பேசுவது கணக்கில் வராது, போனின் சொந்த டயலரில் பேச வேண்டும். அதனால் ஸ்டிக்கரைப் படியுங்கள். இந்தியா அதில் அடங்கவில்லை என்றால் இங்கேயே பிரித்து, உங்கள் சிம்மைப் போட்டு அம்மாவிடம் பத்து நிமிடம் பேசிவிட்டுத் திரும்ப வைத்து மூடுங்கள். திருச்சியில் போய் ‘நெட்வொர்க் லாக்’ என்று திரையில் வந்தால் கல்யாண வீட்டில் யார் ஓடுவது?

ஜியோவைப் பொறுத்தவரை அதற்கு 2ஜி, 3ஜி என்றுமே இருந்ததில்லை, அங்கும் வோல்ட்டிதான். சாம்சங்கில் ஜியோ சிம்மைப் போட்டதும் பெரும்பாலும் தானாக வந்துவிடும். 4ஜிக்கு 850, 1800, 2300 மூன்றும் போனில் இருக்கிறதா என்று விவரப் பட்டியலில் பாருங்கள். 850 இல்லாத போன் கான்கிரீட் வீட்டுக்குள் திணறும்.

நாங்கள் சிம்பாவுக்கு மாறப் போகிறோம். விலை குறைவு. வீட்டில் இருக்கும் பழைய போன்கள் ஓடுமா?

சிம்பா முன்பு டிபிஜி என்ற பெயரில் வந்தபோதே 4ஜியோடுதான் வந்தது. அதற்கு 3ஜி இருந்ததே இல்லை. மற்ற நிறுவனங்களில் 3ஜி இருந்த காலத்தில் சமாளித்த போன்கள் சிம்பாவில் அப்போதே பேசத் திணறின. அலைவரிசையிலும் வித்தியாசம் உண்டு, 2300 மெகாஹெர்ட்ஸையும் அது பயன்படுத்துகிறது. ஐபோன் 5எஸ் மாதிரிப் பழையவற்றில் வோல்ட்டியே கிடையாது, ஐபோன் 6இலிருந்துதான் உண்டு. வீட்டில் நான்கு போன் இருந்தால் நான்கையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒரு சிம் வாங்கி, ஒவ்வொரு போனிலும் போட்டு, கூப்பிட்டும் கூப்பிடச் சொல்லியும் பாருங்கள். அப்புறம் எண்ணை மாற்றுங்கள்.

சர்க்கிள்ஸ், கோமோ, கீகா இவற்றுக்குத் தனியாகப் பார்க்க வேண்டுமா?

கோபுரம் அவர்களுடையது இல்லை. கோமோ சிங்டெல் மேலும், கீகா ஸ்டார்ஹப் மேலும் ஓடுகின்றன. சர்க்கிள்ஸ் எதன் மேல் ஓடுகிறது என்று அவர்களிடமே கேளுங்கள். எனவே அலைவரிசைக்குக் கோபுரம் வைத்திருக்கும் நிறுவனத்தைப் பாருங்கள். நெட் மட்டும் வரவில்லை என்றால் ஏபிஎன் அமைப்பை, அதாவது போன் நெட்டுக்குப் போகும் வழியைச் சொல்லும் அமைப்பை, சரிபாருங்கள், புது சிம்மோடு வரும் குறிப்பில் இருக்கும். ஒரு எழுத்து தவறினாலும் வராது.

மகள் ஆகஸ்டில் அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிறாள். இங்கே வாங்கிய ஆண்ட்ராய்டு போன், பூட்டு இல்லை. அங்கே எந்த லைனில் போடலாம்?

இதைக் கேட்டதற்கு நன்றி. பலரும் போன பிறகுதான் கேட்கிறார்கள். ஏடி அண்ட் டி நிறுவனம் தனக்கு ஒத்துவரும் மாடல்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் இல்லாத வெளிநாட்டு மாடல், தொழில்நுட்ப ரீதியாகத் தகுதி இருந்தாலும், அங்கே ஓடாமல் போகலாம். 2022 பிப்ரவரியில் அவர்கள் 3ஜியை மூடியதிலிருந்து இந்த விஷயத்தில் கறார்தான். வெளியிலிருந்து வரும் போன்களுக்கு டி-மொபைல் எளிதாக இடம் கொடுக்கும் என்பது என் அபிப்பிராயம். அழைக்கும் இடத்தில் *#06# அழுத்தினால் ஐஎம்இஐ எண், அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண், வரும். அந்த நிறுவனங்களின் தளங்களில் அதைப் போட்டு இங்கிருந்தே சோதிக்கலாம்.

அலைவரிசையும் முக்கியம். அங்கே ஊருக்கு வெளியே, கட்டடங்களுக்கு உள்ளே சிக்னலைத் தாங்குவது 600, 700 மெகாஹெர்ட்ஸ். ஆசியாவில் விற்கும் சீன பிராண்டுகள் பலவற்றில் 12, 13, 71 என்ற அந்தப் பட்டைகள் இருக்காது. நகரத்தில் தெரியாது. கல்லூரி சிறிய ஊரில் இருந்தால் விடுதி அறைக்குள் போன் ஊமையாகிவிடும். மகள் தனியாக இருக்கப் போகிறாள், சந்தேகம் இருந்தால் அங்கேயே ஒரு எளிய போன் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

5ஜி போன், 5ஜி பிளான். ஆனாலும் யீஷூன் வீட்டில் 4ஜி மட்டும்தான் வருகிறது. இந்தியாவில் வாங்கிய போன்.

இங்கே 5ஜிக்கு முதுகெலும்பு 3.5 கிகாஹெர்ட்ஸ், என்78 என்று பட்டியலில் இருக்கும். அது உங்கள் போனில் இருந்தால் சாஃப்ட்வேர் திறக்காமல் இருக்கலாம். இந்தியாவில் 2022 அக்டோபரில் 5ஜி வந்தபோது இதுவேதான் நடந்தது. ஐபோன்களுக்கு உள்ளே எல்லாம் இருந்தும் டிசம்பரில் ஐஓஎஸ் 16.2 வந்த பிறகே அங்கே 5ஜி தெரிந்தது. அப்டேட் செய்துவிட்டு, நெட்வொர்க் மோடில் 5ஜி தேர்வாகியிருக்கிறதா பாருங்கள். வரவில்லை என்றால் இதற்காகப் போனை மாற்றாதீர்கள், பேச்சுக்கும் நெட்டுக்கும் 4ஜி தாராளம்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது கடையிலேயே எப்படிச் சோதிப்பது? விற்பவர் அவசரப்படுத்துகிறார்.

அவசரப்படுத்தினால் வாங்காதீர்கள், நடையைக் கட்டுங்கள்! உங்கள் சொந்த சிம்மை எடுத்துப் போங்கள், கடைக்காரர் சிம்மில் பேசிக் காட்டுவது உங்களுக்கு உதவாது. வைஃபையை அணைத்துவிட்டு, உங்கள் சிம்மில் ஒரு நிமிடமாவது பேசுங்கள், மேல் வரியில் 4ஜி நிற்கிறதா பாருங்கள். அப்புறம் வேறு போனிலிருந்து உங்கள் எண்ணுக்குக் கூப்பிடச் சொல்லுங்கள். போவதும் வருவதும் இரண்டும் சரியாக இருக்க வேண்டும். *#06# அழுத்தி வரும் எண் பெட்டியில் இருக்கும் எண்ணோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள். முன்னாள் சொந்தக்காரரின் ஐக்ளவுட் அல்லது கூகுள் கணக்கு வெளியேறியிருக்க வேண்டும், அது சிம் பூட்டைவிடப் பெரிய தலைவலி. இத்தனையும் முடிந்த பிறகு வெள்ளியை எடுங்கள்.

சீனாவில் வாங்கிய ஐபோனில் இரண்டு சிம் போடலாமாமே? ஊர் சிம், இங்கத்து சிம் இரண்டும் வைக்க வசதிதானே?

வசதிதான். சீனாவில் விற்கும் பெரும்பாலான ஐபோன்களில் இரண்டு பிளாஸ்டிக் சிம் போகும், ஆனால் இசிம் இருக்காது. உங்கள் லைன் இப்போது இசிம்மில் இருந்தால், போனை வாங்கும் முன் அதைப் பிளாஸ்டிக் சிம்முக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள்.