ரோஸ்டர் வரட்டும், வீட்டு டெபாசிட் அப்புறம்

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்குத் தண்டையார்பேட்டை. ஒரு ஏர்லைன்ஸில் ஆபரேஷன்ஸ் கன்ட்ரோல் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது, போஸ்டிங் மும்பை. சிடிசி (கம்பெனி எனக்காக வருடத்துக்குச் செலவு செய்யும் மொத்தத் தொகை) ஆறு லட்சம், அடுத்த மாதம் சேர வேண்டும். அங்கே விமான நிலையத்துக்குக் கிட்டே மரோல் பக்கம் ஒரு புரோக்கர் வீடியோ காலில் ஒன் பிஎச்கே வீடு காட்டினார். வாடகை 38,000, டெபாசிட் ஒன்றரை லட்சம், அவருக்கு ஒரு மாத வாடகை கமிஷன். டோக்கன் 20,000 இன்றைக்கே அனுப்பு, இல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்கிறார். அம்மா வளையலை அடகு வைத்துத் தருகிறேன் என்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: வாழ்த்துகள் தம்பி. அந்த 20,000-ஐ அனுப்பாதீர்கள், வளையலும் பீரோவிலேயே இருக்கட்டும்.

ஆறு லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து மாசம் 50,000 என்று வீட்டில் கணக்குப் போட்டிருப்பீர்கள். கைக்கு வருவது அது இல்லை. ஆஃபர் லெட்டரோடு சம்பளப் பிரிவு அட்டவணை ஒன்று தந்திருப்பார்கள், அதை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். உதாரணத்துக்கு பேசிக் 25,000, வருட முடிவில் தரும் வேரியபிள் பத்து சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதக் கணக்கில் வேரியபிளுக்கு 5,000 போய்விடும். கம்பெனி கட்டும் பிஎஃப் பங்கு 3,000, கிராஜுவிட்டி சுமார் 1,200, இரண்டுமே உங்கள் சிடிசிக்குள்தான் அடக்கம். மீதி 40,800. அதில் உங்கள் பங்கு பிஎஃப் 3,000, மகாராஷ்டிராவின் தொழில் வரி 200 (பிப்ரவரியில் மட்டும் 300) கழித்தால் 37,600. பிஎஃப்பை முழு பேசிக்குக்கும் பிடிக்காமல் 15,000 உச்சவரம்புக்கு மட்டும் பிடித்தால் 40,000 வரை வரலாம். வருமான வரியைப் பற்றிக் கவலை வேண்டாம், புதிய முறையில் இந்தச் சம்பளத்துக்கு வரி வராது. ஆனால் புரோக்கர் சொல்லும் வாடகையே 38,000! சாப்பாடு, கரண்ட், போக்குவரத்து, வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் எதிலிருந்து? இது போக, சாவி வாங்கும் அன்றே வாடகை, டெபாசிட், கமிஷன் சேர்த்து 2,26,000 எடுத்து வைக்க வேண்டும், முதல் சம்பளம் வருவதற்கு முன்னால்.

பணத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். உங்கள் வேலை 24 மணி நேரமும் நடக்கிற வேலை. காலை, மதியம், இரவு என்று ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். ரோஸ்டரும் (யாருக்கு எந்த நாள் எந்த ஷிப்ட் என்ற அட்டவணை) கம்பெனி கேப் எந்த எல்லை வரை வரும் என்பதும் தெரியாமல் மும்பையில் வீடு பார்ப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவது போலத்தான். நம் ஊரில் தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் ஒரே வண்டியில் மீனம்பாக்கம் போய் இறங்கிவிடலாம். அங்கே வாடகை குறைவு என்று தள்ளியிருக்கிற டோம்பிவிலி போனால், லோக்கலில் காட்கோபர் வந்து, அங்கிருந்து மெட்ரோ மாறி வர வேண்டும். லோக்கல் ரயில் நள்ளிரவு ஒரு மணிக்கு மேல் அதிகாலை நான்கு வரை கிடையாது, மெட்ரோ ஐந்தரை வாக்கில்தான் ஆரம்பிக்கும். ஐந்து மணி ஷிப்டுக்கு எப்படிப் போய்ச் சேருவீர்கள்? கேப் எல்லைக்குள் வீடு இருந்தால் அந்தக் கவலையே இல்லை. அதனால் எச்ஆருக்கு இன்றே ஒரு மெயில் போடுங்கள்: கேப் உண்டா, எத்தனை கிலோமீட்டர் வரை, முதல் சில நாளுக்கு கெஸ்ட் ஹவுஸ் தருவீர்களா, என்னோடு அதே தேதியில் சேருகிறவர்கள் யார் யார். வேலை எந்த இடத்தில் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். 2025 டிசம்பரிலிருந்து நவி மும்பை விமான நிலையமும் இயங்குகிறது. மரோலில் வீடு எடுத்த பிறகு அங்கே போடுகிறார்கள் என்றால் தினமும் பாதிப் பொழுது ரோட்டிலேயே போய்விடும்.

முதல் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஆபீசுக்குக் கிட்டே ஒரு பிஜி (பேயிங் கெஸ்ட் விடுதி) போதும். நேரில் பார்க்காமல் அதற்கும் பணம் கட்டாதீர்கள், ஒரு வாரம் லாட்ஜில் தங்கியாவது பாருங்கள். பார்க்கும்போது மெத்தையையும் வைஃபையையும் விட்டுவிட்டு, பகலில் தூங்க முடியுமா என்று பாருங்கள். ரூம் மேட் எத்தனை மணிக்கு எழுந்து கிளம்புகிறார், ஜன்னலுக்குக் கனமான திரை இருக்கிறதா, இரவு ஷிப்ட் முடித்து காலை எட்டு மணிக்கு வந்தால் சாப்பிட ஏதாவது எடுத்து வைப்பார்களா, காலி பண்ண எத்தனை நாள் நோட்டீஸ். இரவு பத்தரைக்குக் கேட்டைப் பூட்டுகிற பிஜி உங்களுக்கு ஆகவே ஆகாது. அப்புறம் கூட வேலை செய்கிற இரண்டு பேரோடு சேர்ந்து வீடு எடுத்தால் அதே 38,000 வாடகை ஆளுக்கு 12,600 சொச்சம்தான். சமையலுக்கு ஐந்து கிலோ சிலிண்டர் முகவரிச் சான்று இல்லாமலே கிடைக்கும். கட்டில், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எதையும் முதல் வருடம் இஎம்ஐயில் வாங்காதீர்கள், அங்கே வாடகைக்கே கிடைக்கிறது.

வீடு எடுக்கும் நேரம் வந்தால், அங்கே ஒப்பந்தத்துக்கு லீவ் அண்ட் லைசென்ஸ் என்று பேர், பெரும்பாலும் பதினொரு மாதத்துக்குப் போடுவார்கள். நம் பக்கம் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு முடித்துவிடுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது, அங்கே அது போதாது. மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999, பிரிவு 55-இன்படி கட்டாயம் பதிவு செய்ய வேண்டும், அந்தப் பொறுப்பு வீட்டு ஓனருடையது. பதிவு செய்யாவிட்டால் நிபந்தனைகள் பற்றி வாடகைக்கு இருப்பவர் சொல்வதைத்தான் சட்டம் முதலில் ஏற்கும். பதிவு வேண்டாம், பேசிக்கொள்ளலாம் என்று சொல்கிற ஓனரிடம் டெபாசிட் கொடுக்காதீர்கள். யாராவது ஹெவி டெபாசிட் என்று ஆரம்பித்தால், அது மாத வாடகைக்குப் பதிலாகப் பெரிய தொகையை மொத்தமாகக் கொடுப்பது, நம் வடசென்னையில் லீஸ் என்று சொல்வதேதான். மொத்தப் பணமும் ஒரே ஆள் கையில் மாட்டிக்கொள்ளும், உங்கள் நிலைமைக்குச் சரிப்படாது. பதிவுக்கு முன்னால் டோக்கன் கேட்கிறவர், ராணுவத்தில் இருக்கிறேன், நேரில் வர முடியாது, பணம் திருப்பி அனுப்புகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்கள் என்கிறவர் எல்லாம் மோசடி ஆட்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பணம் வாங்குவதற்கு யாரும் பின் நம்பர் போட வேண்டியதில்லை.

ஆஃபர் லெட்டரில் பாண்டு (குறிப்பிட்ட காலத்துக்கு முன் வேலையை விட்டால் பணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை) இருக்கிறதா என்றும் பாருங்கள். அது சும்மா மிரட்டல், கோர்ட்டில் நிற்காது என்று நண்பர்கள் சொல்வார்கள். 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று வருடம் முடிவதற்குள் வேலையை விட்டவர் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. தொகை எவ்வளவு, எத்தனை மாதம், பயிற்சிக் காலத்தில் விட்டால் என்ன என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இன்னொன்று. ஊழியருக்குச் சலுகை டிக்கெட் உண்டு, பொங்கலுக்கு ஊருக்குப் பறந்து வந்துவிடலாம் என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் ஸ்டாண்ட்பை, சீட் மிஞ்சினால்தான். பண்டிகைக்கு சீட் மிஞ்சுமா? ரயிலுக்கு 60 நாளுக்கு முன்பே முன்பதிவு திறந்துவிடும், அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: வியாசர்பாடியில் இருக்கிறேன், பெங்களூரு ஏர்போர்ட்டில் வேலை. என் பைக்கைக் கொண்டுபோகலாமா, இல்லை அங்கே புதிதாக வாங்கலாமா?

பதில்: கொண்டுபோங்கள். விமான நிலையம் தேவனஹள்ளியில், ஊரைத் தாண்டி வெகு தூரம், வண்டி இல்லாமல் கஷ்டம். ரயில் பார்சலில் போடலாம், ஆர்சி நகல், அடையாள அட்டை வேண்டும், பெட்ரோலைச் சுத்தமாக இறக்கிவிட வேண்டும். 12 மாதத்துக்கு மேல் அங்கே ஓட்டுவதானால் இங்கிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி மறுபதிவு செய்வது கட்டாயம். நான்கு மாநிலங்களிலோ அதற்கு மேலோ அலுவலகம் உள்ள தனியார் கம்பெனி ஊழியருக்கு பிஎச் (பாரத்) வரிசை எண் கிடைக்கும், உங்கள் கம்பெனியிடம் அதற்கான பணிச் சான்று, அதாவது படிவம் 60 தருவார்களா என்று கேளுங்கள். அடுத்த ஊருக்கு மாற்றினாலும் நம்பர் மாற்ற வேண்டாம்.

கேள்வி: எண்ணூரிலிருந்து எழுதுகிறேன் அம்மா. என் பையனுக்கு ஏர்போர்ட்டில் கிரவுண்ட் ஸ்டாஃப் வேலை உறுதி என்று மெயில் வந்தது. யூனிஃபார்முக்கு 3,500 கட்டிவிட்டோம். இப்போது கேட் பாஸுக்கு 15,000 கேட்கிறார்கள்.

பதில்: இதற்கு மேல் ஒரு ரூபாய் கூடக் கட்டாதீர்கள் அம்மா. வேலைக்கு எடுப்பதற்கு ஏர்லைன்ஸ் பணம் வாங்காது. விமான நிலைய நுழைவுப் பாஸை வேலைக்கு எடுத்த கம்பெனிதான் விண்ணப்பித்து வாங்கும், போலீஸ் சரிபார்ப்பு முடிந்து விமானப் பாதுகாப்புப் பணியகம் தருவது அது. தனி ஆள் பணம் கட்டி வாங்குகிற சமாச்சாரமே இல்லை. இதைப் படித்தவுடன் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு போன் செய்து, பணம் போன தேதி, யுபிஐ எண், அவர்கள் போன் நம்பர் எல்லாம் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. மெயில், வாட்ஸ்அப் எதையும் பையன் பயந்துபோய் அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆதார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் ஒரிஜினல் ஏதும் கொடுத்திருந்தால் அதையும் புகாரில் சேருங்கள். இந்த வேலையை ஏதாவது பயிற்சி நிலையம் நூறு சதவீதம் வேலை என்று ஃபீஸ் வாங்கிக்கொண்டு காட்டியிருந்தால், ரசீதோடு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் தனியாகப் புகார் கொடுங்கள். அங்கே தீராவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது.