3 டிகிரி குளிரில் செயற்கைப் பனி: ரசாயனம் கைகொடுக்குமா?

கேள்வி: இரவில் 3 டிகிரி செல்சியஸ் வரை இறங்குகிறது. பிரஷர் வாஷரையும் ஏர் கம்ப்ரஸரையும் இணைத்துப் பனித் தெளிப்பான் செய்தோம். விழுவதெல்லாம் தூறல்தான். தண்ணீரில் உப்பு, யூரியா அல்லது வேறு ரசாயனம் கலந்தால் பனி வருமா?

பதில்: உப்பும் யூரியாவும் வேண்டவே வேண்டாம். இரண்டுமே உறைநிலையைக் கீழே தள்ளும். லிட்டருக்கு 35 கிராம் உப்பு கரைத்த நீர் ஏறக்குறைய மைனஸ் 2 டிகிரியில்தான் உறையத் தொடங்கும். 60 கிராம் யூரியாவும் அதே அளவுக்குக் கெடுக்கும். பனிச்சறுக்குப் பந்தயத் தடங்களில் உப்பு தூவுவது உண்மைதான். ஆனால் அது ஏற்கெனவே விழுந்து இளகிக் கிடக்கும் பனியை இறுக்குவதற்கு.

நிஜமாகவே உதவும் சேர்மானம் வேறு வகை. சுத்தமான நுண்துளி பூஜ்யத்தில் உறைந்துவிடாது. ஒட்டிக்கொள்ள ஒரு கரு கிடைக்காவிட்டால் மைனஸ் 38 வரைகூடத் திரவமாகவே இருக்கும். சாதாரண நீரில் உள்ள தூசு அந்தக் கருவாகும் என்றாலும், பல டிகிரி கீழே போன பிறகே வேலை செய்யும். சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியாவின் புரதமோ மைனஸ் 2, 3 டிகிரியிலேயே உறைதலைத் தொடங்கிவைக்கும். கிருமிநீக்கம் செய்து உலர்த்திய இந்தத் தூள்தான் ‘ஸ்னோமாக்ஸ்’. சூடான நீர் புரதத்தைச் சிதைத்துவிடும். குளிர்ந்த நீரிலேயே கலக்க வேண்டும். மேகங்களில் தூவும் சில்வர் அயோடைடு இந்த வெப்பநிலைக்கு உதவாது, நீர்வாழ் உயிர்களுக்கும் கேடு.

ஆனால் எந்தத் தூளும் குளிரைத் தராது. ஒரு கிலோ நீர் உறைய 334 கிலோஜூல் வெப்பம் வெளியேறியாக வேண்டும். அதைச் சுமந்து போவது காற்றும் ஆவியாதலும். அதனால் பார்க்க வேண்டியது ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது ஆவியாதல் மூலம் நீர் குளிரக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலை. 3 டிகிரியில் ஒப்பு ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் அது சுமார் 1.7, என்ன கலந்தாலும் மழைதான். அதே 3 டிகிரியில் ஈரப்பதம் 20 சதவீதமாக இருந்தால் மைனஸ் 2.4, ஈரப்பனி வர வாய்ப்பு உண்டு. பூஜ்யத்தில் 30 சதவீதம் என்றால் மைனஸ் 4, தாராளமாக முயலலாம். ஈரக்குமிழ் வெப்பநிலை மைனஸ் 2-க்கு மேல் இருந்தால் அன்று இயந்திரத்தை எடுக்காதீர்கள்.

அடுத்து இயந்திரம். அழுத்தக் காற்றும் கொஞ்சம் நீரும் கலந்து வெளியேறும் கருநாஸில் உங்கள் தெளிப்பானில் இருக்கிறதா? விரியும் காற்று குளிர்ந்து நுண்பனித் துகள்களை உண்டாக்கும். அவையே மற்றத் துளிகளுக்குக் கரு. இது சரியாக வேலை செய்தால் விலைகொடுத்து வாங்கும் தூளால் பெரிய லாபமில்லை. காற்றின் அழுத்தம் 5 முதல் 7 பார் வரை இருக்கட்டும். பெரும்பாலும் தவறு நடப்பது நீரின் அளவில்தான்: அதிகம் விடுகிறார்கள். குழாய் நீர் 15 டிகிரி என்றால், அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரவே உறைதலுக்கான வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். தொட்டியில் வைத்து 1, 2 டிகிரிக்குக் குளிரவைத்த பிறகு செலுத்துங்கள். நாஸிலை 3 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுங்கள்; துளி காற்றில் இருக்கும் ஒவ்வொரு விநாடியும் லாபம்.

தொடங்கும்போது காற்று முதலில், நிறுத்தும்போது காற்று கடைசியில். மாற்றிச் செய்தால் நீர் கம்ப்ரஸர் பக்கம் ஏறும். இரண்டு குழாய்களிலும் ஒருவழி வால்வு அவசியம். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்தும் கசிவுத் துண்டிப்பான் மின் இணைப்பில் இல்லாமல் இறங்காதீர்கள்.

சட்டைக் கையை நீட்டிப் பாருங்கள். துகள் பட்டுத் தெறித்தால் சரி. நனைத்தால் நீரைக் குறையுங்கள், அப்போதும் நனைத்தால் இன்னும் குளிர வேண்டும்.

அலங்காரத்துக்கு மட்டும்தான் என்றால் நீரை உறிஞ்சி ஊதும் சோடியம் பாலிஅக்ரிலேட் தூள் போதும், குளிரே தேவையில்லை. ஒரு பங்கு தூளுக்கு முதலில் 30 பங்கு நீர், பிறகு பார்த்துப் பார்த்துச் சேர்க்கலாம். தரையில் பயங்கரமாக வழுக்கும். சாக்கடையில் கொட்டினால் ஊதி அடைத்துக்கொள்ளும். காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.