ஒத்திவைக்கப்பட்ட சத்திரசிகிச்சைகளின் குறிப்பேட்டுடன் எந்த மாநாட்டுக்குப் போவது?

கேள்வி: நான் கொழும்பு 06 இல் வசிக்கிறேன். நகருக்கு வெளியே ஓர் ஆதார வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைப் பிரிவில் வைத்திய உத்தியோகத்தராகக் கடமையாற்றுகிறேன். கடைசி நேரத்தில் ஒத்திவைக்கப்படும் சத்திரசிகிச்சைகளைக் காரணத்துடன் ஓராண்டுக்கு மேலாக ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். அண்மையில், குறைந்த வருமான நாடுகளில் நல்லாட்சியும் சத்திரசிகிச்சைப் பராமரிப்பும் பற்றிய சர்வதேச மாநாடு ஒன்றுக்குப் பேச்சாளராக வருமாறு மின்னஞ்சல் வந்தது. பதிவுக் கட்டணத்தை டொலரில், ஒரு வாரத்துக்குள் செலுத்தச் சொல்கிறார்கள். இதை நம்பலாமா? என்னிடம் இருப்பது ஒரு மாநாட்டில் வைக்கத் தகுந்ததா? தகுந்தது என்றால் எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள வைத்தியருக்கு,

பணத்தை இப்போது செலுத்த வேண்டாம். அந்த அழைப்பு உண்மையானதாகவே இருந்தாலும் ஒரு வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டிய விடயமல்ல இது. உங்கள் கேள்விகளில் இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கையில் இருப்பது என்ன என்பது தெளிந்துவிட்டால், அதை எந்த மண்டபத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது பெரும்பாலும் தெளிந்துவிடும்.

நல்லாட்சி என்றதும் நம் நாட்டில் பலருக்கு 2015 இல் அமைந்த அரசாங்கம் நினைவுக்கு வருகிறது. அதற்கு அப்பால் ஊழலும் கைதும் வழக்கும் நினைவுக்கு வருகின்றன. 2023 இல் வெளிப்பட்ட இமியூனோகுளோபுலின் மருந்துப் பெறுகை விவகாரமும், அது தொடர்பில் முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவர் 2024 பெப்ரவரியில் கைதுசெய்யப்பட்டதும் அந்த நினைவை அழுத்தமாக்கியுள்ளன. ஆனால் இத்துறையின் மாநாடுகளில் இச்சொல் இன்னும் விரிந்த பொருளில் வழங்குகிறது. ஒரு முடிவை எடுப்பவர் யார், எந்த விதியின்படி எடுக்கிறார், அது எங்கே பதியப்படுகிறது, தவறினால் யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பனவே அங்கு ஆராயப்படுகின்றன. காலை எட்டு மணிக்குத் தியேட்டர் வாசலில் இருந்து ஒரு நோயாளியை வார்டுக்குத் திருப்பி அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அன்று தீர்ந்துபோயிருந்த தையல் நூலுக்குப் பின்னால் வைத்தியசாலையின் ஆண்டுத் தேவை மதிப்பீடு இருக்கிறது. அதை மருத்துவ வழங்கல் பிரிவுக்கு அனுப்பிய திகதி இருக்கிறது. அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் விலைமனு கோரிய திகதியும், தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பதிவும், இவை எல்லாம் தாமதித்தபோது உள்ளூரில் கொள்வனவு செய்ய அனுமதி கேட்கப்பட்டதா என்ற கேள்வியும் இருக்கின்றன. உங்கள் குறிப்பேட்டில் ‘நூல் இல்லை’ என்று இரண்டு சொற்களில் முடிந்த வரி ஒன்றைப் பின்னோக்கித் தொடர்ந்து போனால், அது நான்கு அலுவலகங்களைக் கடந்து போகும். ஆட்சிமுறை பற்றிய ஆய்வு என்று நான் கருதுவது அந்தப் பின்னோக்கிய பயணத்தைத்தான்.

இதற்கு உலக அளவில் ஓர் இடம் கிடைத்தது 2015 இல். அவ்வாண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழ் அமைத்த ஆணைக்குழு, பாதுகாப்பான, தாங்கக்கூடிய செலவிலான சத்திரசிகிச்சையும் மயக்கமருந்துப் பராமரிப்பும் தேவைப்படும் நேரத்தில் உலகில் 500 கோடிப் பேருக்குக் கிட்டுவதில்லை என்றும், ஆண்டுக்கு மேலதிகமாக 14 கோடியே 30 இலட்சம் சத்திரசிகிச்சைகள் தேவை என்றும் கணக்கிட்டது. அதே ஆண்டு மே மாதம் உலக சுகாதாரப் பேரவை, அவசர, அத்தியாவசியச் சத்திரசிகிச்சைகளை அனைவருக்குமான சுகாதாரப் பாதுகாப்பின் அங்கமாக வலுப்படுத்தும் தீர்மானத்தை நிறைவேற்றியது. எத்தியோப்பியா, சாம்பியா, தன்சானியா ஆகிய நாடுகள் அதைத் தொடர்ந்து தமக்கெனத் தேசியச் சத்திரசிகிச்சைத் திட்டங்களை வகுத்தன. திட்டம் எழுதப்பட்ட பிறகு அதற்கான பணத்தை யார் ஒதுக்குவது, யார் கண்காணிப்பது என்பதே இன்று இத்துறையில் கடினமான விவாதமாக இருக்கிறது.

அந்த ஆணைக்குழுவின் எண்களில் நமக்கு மிக நெருக்கமானவையாக நான் கருதுவது இரண்டு. சத்திரசிகிச்சைக்கும் மயக்கமருந்துக்கும் நேரடியாகக் கட்டணம் செலுத்தியதால் ஆண்டுதோறும் 3 கோடியே 30 இலட்சம் பேர் குடும்பப் பொருளாதாரம் குலையும் அளவுக்குச் செலவுக்கு ஆளாகிறார்கள். போக்குவரத்து, உணவு, தங்குமிடம் முதலிய மருத்துவம் சாராத செலவுகளால் மேலும் 4 கோடியே 80 இலட்சம் பேர் அதே நிலைக்கு ஆளாகிறார்கள். முதலாவது எண் நம் அரச வைத்தியசாலைகளில் பெரும்பாலும் பொருந்தாது. இரண்டாவது முழுமையாகப் பொருந்தும். கட்டணம் இல்லாத வைத்தியசாலையில் ஒரு சத்திரசிகிச்சை ஒத்திப்போகும்போது, நோயாளி பஸ் காசை மீண்டும் செலவிடுகிறார், கூடவந்தவர் இன்னொரு நாள் கூலியை இழக்கிறார், சில வேளைகளில் மருந்துச் சீட்டுடன் வெளியே உள்ள பார்மசிக்கும் போகிறார். 2022 மார்ச் இறுதியில் பேராதனை போதனா வைத்தியசாலை மருந்துத் தட்டுப்பாட்டால் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்தபோது அது நாடெங்கும் செய்தியானது. தட்டுப்பாடு தணிந்த பிறகு நாளுக்கு ஒன்றிரண்டாக நிகழும் ஒத்திவைப்புகள் எந்தச் செய்தியிலும் வருவதில்லை. அவற்றை நீங்கள் எழுதி வைத்திருக்கிறீர்கள். ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில், ஆம் என்பதே.

ஆனால் இன்றைய வடிவில் அதை எந்த நல்ல மாநாடும் ஏற்காது. ஆய்வுச் சுருக்கங்களை மதிப்பிடும்போது நான் முதலில் தேடுவது பகுதி எண்ணை, அதாவது மொத்தம் எத்தனையில் என்பதை. ‘ஓராண்டில் இத்தனை சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன’ என்று மட்டும் எழுதினால் அது ஒரு முறைப்பாடு மட்டுமே. முதல்நாள் வெளியிடப்பட்ட தியேட்டர் பட்டியல்களில் மொத்தம் எத்தனை பெயர்கள் இருந்தன, அவற்றில் எத்தனை மறுநாள் நடைபெறவில்லை என்று எழுதினால்தான் அது அளவீடாகும். முதல்நாள் இறுதிப் பட்டியலில் பெயர் இருந்து, குறித்த நாளில் சத்திரசிகிச்சை நடைபெறாதது என்று ஒத்திவைப்புக்கு வரைவிலக்கணம் கொடுத்து, அதை இடையில் மாற்றாதீர்கள். அவசரச் சத்திரசிகிச்சைகள் பட்டியலுக்கு வெளியே வருவதால் அவற்றைத் தனியாக வையுங்கள். ஓர் அவசரச் சத்திரசிகிச்சை உள்ளே வந்ததால் பட்டியலில் இருந்தவர் தள்ளப்பட்டிருந்தால் அதைத் தனிக் காரணமாகப் பதியுங்கள். அது எவருடைய தவறும் அல்ல, ஆனால் ஒரே ஒரு தியேட்டர்தான் இருக்கிறது என்பதற்கு அது சான்று.

காரணங்களை வகுக்கும்போது கூடுதல் நேரம் செலவிடுங்கள். நோயாளி வரவில்லை, காய்ச்சல் அல்லது உயர் இரத்த அழுத்தம், மயக்கமருந்து வைத்தியர் இல்லை, அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் இல்லை, கிருமிநீக்கும் இயந்திரம் பழுது, மருந்தோ நூலோ இல்லை, நேரம் போதவில்லை என்று பலவாக வரும். இவற்றை ‘நோயாளி சார்ந்தது, வைத்தியசாலை சார்ந்தது’ என இரண்டாகப் பிரித்து நிறுத்திவிடுவதே பலரும் செய்வது. உயர் இரத்த அழுத்தத்தால் ஒத்திப்போனது நோயாளி சார்ந்ததா, அல்லது முன்கூட்டியே மயக்கமருந்து கிளினிக்கில் அவர் பரிசோதிக்கப்படாததாலா என்று பாருங்கள். நோயாளி வரவில்லை என்றால் அவருக்குத் திகதி அறிவிக்கப்பட்டதா, அவருக்குப் புரியும் மொழியில் அறிவிக்கப்பட்டதா என்று பாருங்கள். ஒவ்வொரு காரணத்துக்கும் எதிரே, அதைத் தடுத்திருக்கக்கூடிய முடிவு வார்டின் கையில் இருந்ததா, வைத்திய அத்தியட்சகரின் கையில் இருந்ததா, மாகாணத்திடமா, கொழும்பிலா என்று ஒரு நிரல் சேருங்கள். உங்கள் ஆய்வை மற்ற ஒத்திவைப்பு ஆய்வுகளில் இருந்து பிரித்துக்காட்டப் போவது அந்த ஒரு நிரல்தான்.

எண்ணிக்கை ஒழுங்காக இருந்தால் ஒரு தாள்கூட எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, உலக சுகாதார நிறுவனத்தின் சத்திரசிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலே எடுத்துக்காட்டு. புதுடில்லி, அம்மான், மணிலா, தன்சானியாவின் இஃபாக்காரா உள்ளிட்ட எட்டு நகரங்களில் அதைப் பரிசோதித்து 2009 இல் வெளியான ஆய்வில், சத்திரசிகிச்சைக்குப் பிந்திய இறப்பு 1.5 சதவீதத்தில் இருந்து 0.8 சதவீதமாகவும், பெருஞ்சிக்கல்கள் 11 சதவீதத்தில் இருந்து 7 சதவீதமாகவும் குறைந்திருந்தன. முன்னும் பின்னும் ஒரே முறையில் எண்ணியதால்தான் அந்த முடிவு நின்றது.

அடுத்தது ஒழுக்கநெறி அனுமதி. ஏற்கெனவே திரட்டி முடித்த தகவலுக்குப் பின்னர் அனுமதி தரக் குழுக்கள் தயங்கும். ஆகவே உங்கள் குறிப்பேட்டை நேரடித் தரவாக வைக்காமல், தியேட்டர் பதிவேட்டையும் தினசரிப் பட்டியல்களையும் மீளாய்வு செய்யும் ஆய்வாக விண்ணப்பியுங்கள். காரணங்கள் அப்பதிவேட்டில் முழுமையாக இல்லை என்றால், அனுமதி கிடைத்த நாளிலிருந்து ஆறு மாதங்கள் முன்னோக்கிப் பதியுங்கள். இலங்கை மருத்துவ சங்கத்துக்கும் மருத்துவ பீடங்களுக்கும் இதற்கான குழுக்கள் இருக்கின்றன. குறிப்பேட்டில் நோயாளிகளின் பெயரோ அனுமதி இலக்கமோ இருந்தால் அதை வீட்டில் வைத்திருக்காதீர்கள். பெறுகை தொடர்பான திகதிகள் உங்களுக்குக் கிடைக்காவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகள் எவரும் வாசிக்கக்கூடியவை, அவற்றையும் பாருங்கள்.

இனி மாநாடு. பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். எதிரே யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று பாருங்கள். கொழும்பிலேயே இலங்கைச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் கல்லூரியும், மயக்கமருந்து நிபுணர்களின் கல்லூரியும், மருத்துவ நிர்வாகிகளின் கல்லூரியும், இலங்கை மருத்துவ சங்கமும் ஆண்டு அமர்வுகளை நடத்துகின்றன. பலர் சத்திரசிகிச்சை நிபுணர்களின் அமர்வையே முதலில் நாடுவார்கள். நான் உங்களுக்குச் சொல்வது மருத்துவ நிர்வாகிகளின் அமர்வை. தேவை மதிப்பீட்டில் கையெழுத்திடுபவர்களும், உள்ளூர்க் கொள்வனவுக்கு அனுமதி அளிப்பவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். ஒத்திவைப்பின் வலியைச் சத்திரசிகிச்சை நிபுணர்களுக்கு நீங்கள் விளக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டில், ஆட்சிமுறையை மையமாகக் கொண்ட ஆய்வுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் சுகாதார முறைமை ஆய்வு உலகக் கருத்தரங்கு மிகப் பொருத்தமானது. 2010 இல் சுவிட்சர்லாந்தின் மொன்த்ரோவில் தொடங்கிய அது 2024 இல் நாகசாக்கியில் நடந்தது. சத்திரசிகிச்சைப் பக்கத்தில், சர்வதேசச் சத்திரசிகிச்சைச் சங்கத்தின் உலக மாநாடும் அதே இடைவெளியில் கூடுகிறது. கிழக்கு, மத்திய, தெற்கு ஆபிரிக்காவின் சத்திரசிகிச்சைக் கல்லூரி ஆண்டுதோறும் தன் உறுப்பு நாடுகளில் ஒன்றில் நடத்தும் கூட்டத்தில், உங்களுடையதைப் போன்ற மாவட்ட வைத்தியசாலைகளின் பிரச்சினைகளே பேசப்படுகின்றன. ஒரு நுணுக்கம்: இலங்கை குறைந்த வருமான நாடு அல்ல. உலக வங்கி 2019 இல் நம்மை மேல் நடுத்தர வருமான நாடாக வகைப்படுத்தி, 2020 இல் மீண்டும் கீழ் நடுத்தர வகைக்கு இறக்கியது. ஆய்வின் தலைப்பில் ‘குறைந்த வருமான நாடு’ என்று எழுதினால் அதை மதிப்பிடுபவர் அங்கேயே நிறுத்திவிடுவார். கட்டணச் சலுகைகளும் பெரும்பாலும் இந்தப் பட்டியலின்படியே வகுக்கப்படுவதால், எந்த வகைக்கு என்ன கட்டணம் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

உங்களுக்கு வந்த மின்னஞ்சலைப் பற்றி. நேர்மையான மாநாடு முதலில் ஆய்வுச் சுருக்கத்தைக் கேட்கும், அதை மதிப்பிடும், ஏற்றால் மட்டுமே கட்டணத்தைப் பற்றிப் பேசும். உங்கள் ஆய்வின் ஒரு வரியைக்கூட வாசிக்காமல் உங்களைப் பேச்சாளராக அழைப்பவர் உங்கள் கட்டணத்தையே அழைக்கிறார். 2019 இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, ஓமிக்ஸ் என்ற பதிப்பு நிறுவனம் 5 கோடி டொலருக்கு மேல் செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. சம்மதிக்காத கல்விமான்களின் பெயர்களை மாநாட்டு விளம்பரங்களில் பயன்படுத்தியமையும் அவ்வழக்கின் குற்றச்சாட்டுகளில் ஒன்று. ஆகவே அந்த அழைப்பில் உள்ள ஏற்பாட்டுக் குழுவினரில் இருவரை, அவர்களது பல்கலைக்கழகப் பக்கத்தில் உள்ள முகவரிக்கு எழுதிக் கேளுங்கள். முந்தைய ஆண்டின் ஆய்வுச் சுருக்கத் தொகுப்பு எங்கே கிடைக்கும் என்று ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். ஒரே மண்டபத்தில், ஒரே நாட்களில், தொடர்பே இல்லாத பல துறைகளின் மாநாடுகள் நடப்பதாக இருந்தால் விலகிவிடுங்கள்.

ஏற்புக் கடிதம் கிடைத்ததும் விசா வேலையைத் தொடங்குங்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதங்கள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். விடுமுறையும் வெளிநாடு செல்லும் அனுமதியும் தாபன விதிக்கோவையின்படி உங்கள் நிறுவனத் தலைவர் ஊடாகவே போக வேண்டும். அதற்கு நேரம் எடுக்கும். வைத்தியசாலையின் தகவலை வெளியே முன்வைக்க எழுத்துமூல அனுமதி பெறுவதும் கட்டாயம். அத்தியட்சகர் மறுத்துவிடுவாரோ என்ற அச்சம் உங்களுக்கு இருக்கலாம். ஆய்வின் முன்மொழிவை முதலில் அவரிடமே கொண்டுபோங்கள். பழியைச் சுமத்தும் பட்டியலாக அல்ல, எந்த முடிவு எங்கே தாமதிக்கிறது என்று காட்டும் அட்டவணையாக. அவரும் அதே தாமதத்தால் நாள்தோறும் கடிதம் எழுதிக்கொண்டிருப்பவர்.

கடைசியாக, ஆய்வுச் சுருக்கத்தில் யார் யாருடைய பெயர் வர வேண்டும் என்பதை இப்போதே தீர்மானியுங்கள். தியேட்டருக்குப் பொறுப்பான தாதிய உத்தியோகத்தரும் மருந்தாளரும் இல்லாமல் அந்தக் காரணங்களை நீங்கள் சரிபார்க்க முடியாது. அவர்கள் தரவைச் சரிபார்த்து, எழுதியதை வாசித்துத் திருத்தினால், அவர்களும் இணை ஆசிரியர்கள். அடுத்த வாரம் அவர்கள் இருவருடனும் உட்கார்ந்து கடந்த ஒரு மாதத்தின் பட்டியல்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். உங்கள் குறிப்பேட்டில் விடுபட்டவை எத்தனை என்பது அப்போது தெரியும்.