டிராக் ரேஸுக்கு முதல் கார்: குறைந்த விலையில் எதை வாங்கலாம்?

கேள்வி: கால் மைல் நேர்கோட்டில் ஓடும் டிராக் ரேஸில் பொழுதுபோக்காகக் கலந்துகொள்ள விரும்புகிறேன். கையில் உள்ள பணம் குறைவு என்பதால் பழைய கார்தான் வாங்க முடியும். இரண்டு கார்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ பொருத்தி, இன்ஜினில் பல மாற்றங்கள் செய்யப்பட்ட முன்சக்கர இயக்கச் சிறிய கார். மற்றொன்று, யாரும் கை வைக்காத, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கொண்ட பின்சக்கர இயக்க செடான். விலை ஏறக்குறைய ஒன்றுதான். நண்பர்கள் அனைவரும் டர்போ காரையே வாங்கச் சொல்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

பதில்: செடானை வாங்குங்கள். நண்பர்கள் வேகத்தை மட்டும் பார்த்துச் சொல்கிறார்கள். நீங்கள் இறங்கப்போகும் பந்தயத்தில் வெற்றியைத் தீர்மானிப்பது வேகம் அல்ல.

பொழுதுபோக்காக ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் கலந்துகொள்வது பிராக்கெட் ரேஸ் என்ற முறையில்தான். தம் கார் தூரத்தைக் கடக்க எத்தனை வினாடி எடுக்கும் என்பதை ஒவ்வொருவரும் முன்கூட்டியே கணித்துக் கார் கண்ணாடியில் எழுதிவிட வேண்டும். மெதுவான காருக்கு அந்த வித்தியாசத்தின் அளவுக்கு முன்னதாகவே பச்சை விளக்கு எரியும். எழுதிய நேரத்தைவிட விரைவாக ஓடிவிட்டால் அது பிரேக்அவுட். எதிராளி அதைவிடப் பெரிய தவறு செய்தாலொழிய நீங்கள் தோற்றவர். பச்சைக்கு முன்பே நகர்ந்தால் சிவப்பு விளக்கு எரிந்து ஆட்டம் முடிந்துவிடும்.

ஓர் ஓட்டத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். நீங்கள் 16.20 என்றும் எதிராளி 13.70 என்றும் எழுதியிருந்தால், உங்களுக்கு 2.5 வினாடி முன்னதாக விளக்கு எரியும். பச்சை எரிந்து 0.060 வினாடியில் நீங்கள் நகர்ந்து, 16.23 வினாடியில் தூரத்தைக் கடக்கிறீர்கள். நகரத் தாமதித்த 0.060, எழுதியதைவிடக் கூடுதலான 0.030 இரண்டும் சேர்ந்து மொத்தத் தாமதம் 0.090. எதிராளி 0.050 வினாடியில் நகர்ந்தும், அவருடைய கார் கிளம்பும்போது சக்கரம் பிடிப்பின்றிச் சற்றுச் சுழன்றதால் 13.78 ஆகிவிடுகிறது, அவருடைய தாமதம் 0.130. அவரது கார் எவ்வளவோ வேகமானது, ஆனால் 0.040 வினாடி வித்தியாசத்தில் வென்றவர் நீங்கள். ஆகவே நீங்கள் தேட வேண்டியது, காலையில் ஓடிய அதே நேரத்தை மாலையிலும் ஓடும் கார்.

உங்கள் செடானின் இரண்டு குணங்கள் இங்கேதான் கைகொடுக்கின்றன. கையால் கியர் மாற்றும் காரில் கிளட்சை விடும் வேகமும் கியர் மாற்றும் தருணமும் ஒவ்வோர் ஓட்டத்திலும் சற்று மாறுபடும்; ஆட்டோமேட்டிக்கில் அந்த மாறுபாடு வெகுவாகக் குறைந்துவிடும். அடுத்து, கார் பாய்ந்து கிளம்பும்போது அதன் எடை பின்பக்கம் சாய்கிறது. பின்சக்கர இயக்கத்தில் அந்த எடை டயரைத் தரையில் அழுத்திப் பிடிப்பைக் கூட்டும். முன்சக்கர இயக்கத்தில் இயங்கும் சக்கரத்தின் மேலுள்ள எடையே குறைந்துபோகும். முன்சக்கர இயக்கக் கார்களை இழிவாகச் சொல்லவில்லை. பழைய ஹோண்டா சிவிக் கார்களைக் கொண்டு மிக விரைவாக ஓடுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதற்குத் தனி டயர், வலுவான ஆக்சில் (சக்கரங்களைச் சுழற்றும் தண்டு), நிறைய அனுபவம் எல்லாம் வேண்டும்.

டர்போ காரைப் பற்றி எனக்கு உள்ள பெரிய கவலை வேறு. மாற்றியமைக்கப்பட்ட காரை வாங்குபவர், இன்னொருவர் செய்த வேலைக்கு விலை கொடுக்கிறார். அந்த வேலை எந்தத் தரத்தில் நடந்தது, எந்த உதிரிபாகம் இன்னும் எவ்வளவு தாங்கும் என்பது அவருக்குத் தெரியாது. செலவு ரசீதுகளையும் எரிபொருள் அளவைச் சரிசெய்தவரின் விவரத்தையும் காட்ட முடியாத விற்பனையாளரிடம் அத்தகைய காரை வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: குறிப்பாக எந்த மாடல்களைத் தேடலாம்?

பதில்: இந்தப் பந்தயம் வேரூன்றியுள்ள அமெரிக்காவில் பலர் சொல்லும் முதல் பெயர், 1979 முதல் 1993 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங். அதில் 5.0 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின் கொண்டவற்றைத் தேடுங்கள். கார் எடை குறைந்தது. உதிரிபாகத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் நல்ல நிலையில் உள்ளவற்றைச் சேகரிப்பாளர்கள் தேடத் தொடங்கிவிட்டதால் இன்று அவற்றை மலிவு என்று சொல்ல முடியாது. 1998 முதல் 2002 வரையிலான செவ்ரோலெட் கமாரோவின் 5.7 லிட்டர் எல்எஸ்1 இன்ஜின் மிகச் சிறந்தது. அந்தக் காரின் பின்பக்க ஆக்சிலோ பலவீனமானது, பிடிப்புள்ள டயர் போட்டுக் கிளப்பினால் உடையக்கூடியது. ஃபோர்டு கிரௌன் விக்டோரியா கனமான கார், விரைவாகவும் ஓடாது, ஆனால் 4.6 லிட்டர் வி8, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், உறுதியான பின் ஆக்சில் மூன்றும் சேர்ந்து வருவதால் தொடக்கநிலை ஓட்டுநருக்கு நான் தயங்காமல் சொல்வேன்.

நீங்கள் வாழும் இடத்தில் இவை கிடைக்காவிட்டால் கவலைப்பட வேண்டாம். அங்கே பழைய உதிரிபாகக் கடைகளில் எந்தப் பின்சக்கர இயக்கக் காரின் கியர்பாக்ஸும் ஆக்சிலும் எளிதாகக் கிடைக்கின்றனவோ, அதுவே உங்களுக்கு ஏற்ற மாடல்.

கேள்வி: வாங்கும் முன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

பதில்: முதலில் காரின் அடிப்பகுதி. ஜாக்கில் தூக்கி, பின் சஸ்பென்ஷன் கைகள் உடலோடு இணையும் இடங்களில் துருவோ விரிசலோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கிளம்பும் விசை முழுவதும் அந்த இடத்தில்தான் விழுகிறது; அங்கே துருப்பிடித்திருந்தால் இன்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

தூக்கிய நிலையிலேயே இன்னொரு சோதனையும் செய்யலாம். முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு பின்சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். மறுசக்கரம் எதிர்த்திசையில் சுழன்றால், இன்ஜின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்தளிக்கும் டிஃபரன்ஷியல் சாதாரண வகை. பிடிப்பு இழந்த ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலும். இரண்டும் ஒரே திசையில் சுழன்றால், ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் வகை டிஃபரன்ஷியல் பொருத்தப்பட்டு வேலை செய்கிறது என்று பொருள். அதற்காகச் சற்றுக் கூடுதல் விலை கொடுக்கலாம்.

கியர்பாக்ஸ் எண்ணெயின் அளவுகோலை உருவி வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். வழக்கமான சிவப்பு எண்ணெய் கரும்பழுப்பாகி, கருகிய வாடை வீசினால் உள்ளே கிளட்ச் தட்டுகள் தேய்ந்துவிட்டன. இன்ஜினுக்கு ஒரு மெக்கானிக்கைக் கொண்டு கம்ப்ரெஷன் சோதனை (ஒவ்வொரு சிலிண்டரிலும் உருவாகும் அழுத்தத்தை அளப்பது) செய்யுங்கள். மிகக் குறைந்த அளவு காட்டும் சிலிண்டர், மிக அதிகமாகக் காட்டுவதில் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. பெயின்ட், இருக்கை, ஏசி ஆகியவற்றின் குறைகளைப் பொருட்படுத்தாதீர்கள். விலையைக் குறைத்துப் பேச அவை உதவும்.

கேள்வி: வாங்கிய பின் மீதிப் பணத்தை எதில் செலவிடுவது?

பதில்: முழுப் பணத்தையும் காருக்கே கொடுத்துவிடாமல் மூன்றில் ஒரு பங்கையாவது ஒதுக்கி வையுங்கள் என்பதே முதல் ஆலோசனை. எண்ணெய்கள், பிளக், பெல்ட், ரேடியேட்டர் குழாய்கள், பிரேக் கட்டைகள் ஆகியவற்றை மாற்றி, எங்கும் கசிவு இல்லை என்று உறுதிசெய்யுங்கள். ஓடுதளத்தில் சொட்டும் எண்ணெய் பின்னால் வருபவரின் உயிருக்கே ஆபத்து. பேட்டரி இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறதா, சக்கர நட்டுகள் முழுமையாக இருக்கின்றனவா என்று ஓடுதளத்திலும் சோதிப்பார்கள்.

அதன் பிறகு நல்ல பிடிப்புள்ள பின்சக்கர டயர்கள். கிளம்பிய முதல் 60 அடியில் பத்தில் ஒரு வினாடி மிச்சப்பட்டால் கால் மைல் முடிவில் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே மிச்சமாகும். பழைய டயர் விற்பவரிடம் வாங்கினால் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. மூன்றாவதாக, எடைக் குறைப்பு. 45 கிலோ குறைத்தால் ஏறத்தாழ பத்தில் ஒரு வினாடி குறையும். பின் இருக்கையையும் டிக்கியில் உள்ள பொருட்களையும் எடுத்துவைக்கச் செலவே இல்லை. இன்ஜினை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

ஹெல்மெட் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 1951இல் தொடங்கப்பட்ட அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்எச்ஆர்ஏவின் விதிப்படி, கால் மைலை 13.99 வினாடியிலோ அதைவிட விரைவாகவோ ஓடுபவருக்குத்தான் ஹெல்மெட் கட்டாயம். என்னைக் கேட்டால் 17 வினாடி காருக்கும் அது வேண்டும். அதே விதிகளின்படி பழைய மாடல் கார்கள் 11.49 வினாடியைத் தொட்டால் ரோல் பார் (கார் உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புக் குழாய்ச் சட்டம்) பொருத்தியாக வேண்டும். காரின் வேகத்தைக் கூட்டக் கூட்டப் பாதுகாப்புச் செலவும் ஏறும் என்பதால், மெதுவான காரில் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: அதே காரில் தினமும் வேலைக்கும் போகலாமா?

பதில்: போகலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் சாதாரண வாகனக் காப்பீடு பொதுவாகப் பந்தயத்தில் நேரும் சேதத்துக்கு இழப்பீடு தருவதில்லை. உங்கள் ஆவணத்தில் அந்தப் பகுதியைப் படித்துவிட்டு ஓடுதளத்துக்குப் போங்கள். மாற்றுப் போக்குவரத்து வசதி ஏதும் இல்லாதவர், கார் உடைந்தால் மறுநாள் வேலைக்கு எப்படிப் போவது என்பதையும் வாங்குவதற்கு முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.