உன் தமிழ் திருந்திவிட்டது

கேள்வி: அம்மா, எனக்கு வயது 42. கொழும்பில் ஓர் அரசாங்கப் பாடசாலையில் தரம் 9, 10 பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது வட்ஸ்அப்பிலும் சூமிலும் பாடம் நடத்தத் தொடங்கினேன். அந்தப் பழக்கம் விடவில்லை. கூகுள் போம்ஸ், போனில் விடை தட்டும் கஹூட் வினாடிவினா, பட்லெட், இப்போது சட்ஜிபிடி என்று புதிதாக எது வந்தாலும் கற்றுக்கொள்கிறேன். பாடக்குறிப்பு, செயலட்டை எல்லாம் அவற்றின் உதவியோடுதான். வீட்டிலும் அவை கைகொடுக்கின்றன. மகனின் பேச்சுப்போட்டி உரையைச் சட்ஜிபிடிதான் எழுதித் தந்தது. (ஊரில் தனியே இருக்கும் அப்பாவின் கடிதங்களுக்கும் அதுவே பதில் எழுதுகிறது. அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கரவெட்டியில் இருக்கிறார். காது சரியாகக் கேட்காததால் போனில் பேசமாட்டார், மாதம் இரண்டு கடிதம் போடுவார். அதை அப்படியே கொடுத்தால் அழகான பதில் வரும். நான் பார்த்து என் கையால் எழுதி அனுப்புவேன். 'உன் தமிழ் திருந்திவிட்டது' என்று அவருக்கும் மகிழ்ச்சி.)

என் பிரச்சினை இரண்டு. மாணவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவரும் கட்டுரைகள் இப்போது சட்ஜிபிடி எழுதியவை என்று சந்தேகப்படுகிறேன். அதைக் கண்டுபிடிக்க நல்ல கருவி எது? அடுத்தது, நான் விளம்பரம் தேடுவதாகச் சக ஆசிரியர்கள் பின்னால் பேசுகிறார்கள். அதிபரும் ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. இந்த முயற்சிகளைத் தொடரத்தான் வேண்டுமா?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன், ரீச்சர். ஆசிரியர் ஓய்வறையில் பின்னால் பேசாத காலம் ஒன்று இருந்ததாக எனக்குத் தெரியாது. பிள்ளைகளுக்குப் பயன்பட்டால் தொடருங்கள், பயன்படாவிட்டால் விட்டுவிடுங்கள். அதிபரின் பாராட்டை எதிர்பார்த்துக் கற்பிக்கும் வயதை நீங்கள் தாண்டிவிட்டீர்கள்.

இனி, அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே, அதற்கு வருகிறேன். முழுக் கடிதத்திலும் எனக்குத் தூக்கம் கெடுத்தது அந்த ஐந்தாறு வரிதான். நீங்களோ அதைப் பிரச்சினையாகக்கூட எண்ணவில்லை, கெட்டித்தனமாக எண்ணியிருக்கிறீர்கள்.

நேரமில்லை என்று என்னிடம் சொல்லாதீர்கள். நேரமில்லாதவர் இயந்திரம் தந்ததை அச்சடித்து உறையில் போட்டு அனுப்பியிருப்பார். நீங்கள் பேனை எடுத்து, தாள் எடுத்து, உட்கார்ந்து, வரி வரியாகப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். சொந்தமாக ஒரு கடிதம் எழுதவும் அவ்வளவு நேரந்தான் ஆகும். ஆகவே நீங்கள் மிச்சம் பிடித்தது நேரத்தை இல்லை. அப்பா உங்கள் கையெழுத்தைப் பார்த்து நம்பவேண்டும் என்பதற்காகவே அந்த உழைப்பு. பார்த்தெழுதுதல் முதலாம் தரத்துப் பிள்ளைக்குக் கொடுக்கும் பயிற்சி. அதையே சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தில் செய்தால் என்ன பெயர் என்று மேற்பார்வைக்குப் போய்வந்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அவர் நம்பினார் என்றா நினைக்கிறீர்கள்? காலமெல்லாம் பிள்ளைகளின் கொப்பி திருத்திய மனிதர் அவர். அண்ணன் எழுதிக்கொடுத்த கட்டுரையைத் தன்னுடையதென்று நீட்டும் பையனிடம் நம் வாத்தியார்மார் என்ன சொல்வார்கள்? 'நல்லாய் எழுதியிருக்கிறாய், யார் சொல்லித் தந்தது?' உங்கள் அப்பா முதற்பாதியை மட்டும் எழுதி நிறுத்திக்கொண்டார். மகளுக்கு 42 வயதாகிவிட்டது என்ற மரியாதையால் மறுபாதியை விழுங்கிவிட்டார். அதை மகிழ்ச்சி என்று வாசித்திருக்கிறீர்கள். நீங்கள் தமிழ் ரீச்சர்!

அவருக்கு எங்கே பிடிபட்டிருக்கும் என்றும் என்னால் ஊகிக்க முடியும். முற்றத்துப் பப்பாசி காய்த்திருப்பதாக அவர் எழுதியிருந்தால் பதிலில் பப்பாளி என்று வந்திருக்கும். கதிரை நாற்காலியாகவும் கொப்பி நோட்டுப் புத்தகமாகவும் யன்னல் ஜன்னலாகவும் மாறியிருக்கும். இந்த இயந்திரம் பெரும்பாலும் அக்கரைத் தமிழில், அதாவது தமிழ்நாட்டுத் தமிழில்தான் பேசுகிறது. அந்தத் தமிழில் குறையொன்றும் இல்லை. ஆனால் கரவெட்டியில் பிறந்து வளர்ந்த பெண் பெற்ற தகப்பனுக்குப் பப்பாளி என்று எழுதமாட்டாள். அதோடு, சின்ன வயதிலிருந்து நீங்கள் விட்டுவந்த ஏதாவது ஒரு பிழை இருந்திருக்கும். றகரமோ, ஒற்றோ, எதுவோ. அவர் எத்தனையோ தரம் சிவப்பு மையால் வளைத்த பிழை. அது திடீரென்று காணாமற்போனால் தகப்பனுக்குத் தெரியாதா?

என் அம்மம்மாவுக்கு எழுதத் தெரியாது. மலாயாவில் ரெயில்வே வேலையில் இருந்த அண்ணனுக்குக் கடிதம் போடவேண்டுமென்றால் விதானையாரின் மகளைக் கூப்பிடுவார். திண்ணையில் கால் நீட்டி இருந்துகொண்டு வசனம் வசனமாகச் சொல்வார். அந்தப் பெண் இரண்டெழுத்துப் படித்தவள். இப்படி எழுதினால் அழகாயிருக்கும் என்று இடையில் திருத்தப் போவாள். 'நான் சொன்னதை எழுது பிள்ளை, அழகை உன்னுடைய கடிதத்தில் வைத்துக்கொள்' என்று அம்மம்மா அடித்துச் சொல்வார். கைநாட்டுப் போட்ட அந்த மனுஷியின் கடிதங்களில் ஒரு சொல்லும் இரவல் இல்லை. பட்டம் பெற்ற உங்கள் கடிதத்தில் கையெழுத்தைத் தவிர எல்லாமே இரவல்.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், தவறென்றால் கோபித்துக்கொள்ளுங்கள். அந்தக் கடிதங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி இருக்கும்: எப்போது வருகிறாய்? அதற்கு உங்களிடம் பதில் இல்லை. இயந்திரத்திடம் எப்போதும் ஒன்று இருக்கிறது. 'விரைவில் சந்திப்போம் என்று நம்புகிறேன்' என்று அழகாக எழுதித் தந்துவிடும். அது சொல்லும்போது உங்களுக்குக் கூச்சமில்லை, ஏனென்றால் சொன்னது நீங்கள் இல்லையே.

வயதான தகப்பனை ஊரில் விட்டுவிட்டு நகரத்தில் வாழ்வதை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன். வேலை, பிள்ளையின் படிப்பு, வாடகை என்று எல்லார் வீட்டிலும் இருப்பதுதான். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பிச் சம்பளத்துக்கு ஆள் வைத்துத் தாய் தகப்பனைப் பார்க்கும் பிள்ளைகளையும் அறிவேன். அவர்களில் பலர் இரவில் அழுகிறவர்கள். ஆனால் பிள்ளை என்ற முறையில் உங்கள் பங்காக மிஞ்சியிருந்தது மாதம் இரண்டு கடிதம். அதையும் குத்தகைக்குக் கொடுத்துவிட்டீர்கள். அவர் என்ன செய்கிறார்? 2022 இல் சாதாரணக் கடிதத்துக்கான முத்திரை பதினைந்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாயானது. ஓய்வூதியக்காரர். அதற்குப் பிறகும் மாதம் இரண்டு கடிதம் தவறவில்லை.

இன்னொன்று. அவருடைய கடிதத்தை 'அப்படியே கொடுத்தேன்' என்கிறீர்கள். அதில் அவருடைய சலரோகம் இருந்திருக்கும், காணிப் பிரச்சினை இருந்திருக்கும், சித்தப்பாவோடு கொண்ட மனத்தாங்கலும் இருந்திருக்கும். உங்களுக்கென்று உறையில் ஒட்டி அனுப்பியதை ஒரு கம்பனியின் கணினிக்கு வாசிக்கக் கொடுத்திருக்கிறீர்கள். நாம் தட்டுவதைத் தன் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளாதபடி நிறுத்திவைக்கும் வசதி சட்ஜிபிடியின் அமைப்புகளுக்குள் இருக்கிறது. நிறுத்தினீர்களா? மாணவரின் பெயரையும் புள்ளியையும் இதேபோல் தட்டுகிறீர்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நம் நாட்டிலும் உண்டு. சட்டம் கிடக்கட்டும், அடுத்த வீட்டுப் பிள்ளையின் புள்ளியைச் சந்தியில் நின்று சொல்லமாட்டோம் அல்லவா?

இப்போது உங்கள் முதற் கேள்வி. கண்டுபிடிக்கும் கருவி எது என்கிறீர்கள். சட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன் ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒன்றை வெளியிட்டது. ஆங்கிலம் அல்லாத மொழிகளில் அது இன்னும் மோசமாகத் தடுமாறும் என்று அவர்களே எச்சரித்தார்கள். சரியாகக் கணிக்கவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் மூடியும் விட்டார்கள். பெற்றவளுக்கே அடையாளம் தெரியாத பிள்ளையை நீங்கள் எந்தக் கருவியால் பிடிப்பீர்கள்? அப்படி ஒரு கருவி சொன்னதை நம்பி, உண்மையாக எழுதிய பிள்ளை ஒன்றைக் கள்ளன் என்று சொல்லிவிட்டால் அந்தக் காயத்தை எப்படி ஆற்றுவீர்கள்?

அதைவிட, நீங்கள் வகுப்பில் தேடும் கள்ளன் உங்கள் சாப்பாட்டு மேசையில் இருக்கிறான், நீங்களே சோறும் போடுகிறீர்கள். மகனின் பேச்சை எழுதித் தந்தது யார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மற்றவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு நீதி, உங்கள் பிள்ளைக்கு இன்னொன்றா? அடுத்த போட்டிக்கு அவனே எழுதட்டும். தோற்றால் தோற்றுவிட்டு வரட்டும்.

கட்டுரையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். ஒரு பாடவேளை, ஒரு கொப்பி, ஒரு பேனை, உங்கள் கண் முன்னால். தலைப்பும் மழைக்காலம், என் இலட்சியம் என்று வேண்டாம். அவற்றை இயந்திரம் உங்களைவிட நன்றாக எழுதும். மாலையில் பீதோவனின் இசையைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வரும் பாண் முச்சக்கரவண்டியைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். அந்தச் சத்தம் கேட்டதும் உங்கள் வீட்டில் முதலில் வாசலுக்கு ஓடுவது யார், கடன் சொல்வது யார், மாலுபாண் முடிந்துவிட்டது என்றால் முகம் சுருங்குவது யார்? மட்டக்குளிப் பிள்ளைக்கும் பம்பலப்பிட்டிப் பிள்ளைக்கும் அது வெவ்வேறு கட்டுரை. பிறகு ஒருநாள் அதே தலைப்பில் சட்ஜிபிடி எழுதியதை அச்சடித்துக் கொண்டுபோங்கள். இது நம் ஊர்ப் பாண்காரர் இல்லை என்று எந்த வரியில் தெரிகிறது, எந்தச் சொல்லை நம் வீட்டில் சொல்லமாட்டோம் என்று அடிக்கோடிடச் சொல்லுங்கள். புதுக்கருவியை வகுப்பில் பயன்படுத்தியதாகவும் இருக்கும். பப்பாசியையும் அங்கேயே கற்றுக்கொடுத்துவிடலாம்.

நான் கருவிகளின் எதிரி இல்லை. பல்தேர்வு வினாக்களைப் போம்ஸ் திருத்தட்டும். அதில் உங்கள் கண்ணைக் கெடுத்துக்கொள்வதில் ஒரு புண்ணியமும் இல்லை. பாடசாலைக்குப் பிள்ளைகள் போன் கொண்டுவரமுடியாத நிலையில் கஹூட்டை எப்படி நடத்துகிறீர்கள் என்று தெரியவில்லை. வீட்டில் நடத்தினால் தகப்பனின் ஒரே போன் இரவு எட்டு மணிக்குத்தான் வீட்டுக்கு வரும் பிள்ளை தோற்றுக்கொண்டே இருக்கும். அதற்குப் பிளிக்கர்ஸ் நல்லது. பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு அச்சடித்த அட்டை. விடைக்கு ஏற்றபடி அட்டையைத் திருப்பிப் பிடிப்பார்கள். உங்கள் ஒரு போன் வகுப்பை ஒரு தரம் சுற்றிப் பார்த்து யார் என்ன விடை என்று எடுத்துக்கொள்ளும். ரீலோட்டுக்கு வழியில்லாத பிள்ளையும் அதில் சமம்.

பழைய வினாத்தாள்கள் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் கிடக்கும். அப்படியே போம்ஸில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுண்டு நிற்கும். எங்கே ஒட்டினாலும் தமிழாகவே தெரியும் யூனிகோட்டுக்கு மாற்றித்தரும் இலவச மாற்றிகள் இணையத்தில் உண்டு. உங்கள் பாடசாலைத் தமிழ்ப் பகுதியின் வினாத்தாள்களை ஒரு விடுமுறையில் மாற்றி எல்லாருக்கும் பொதுவாகக் கொடுங்கள். விளம்பரம் தேடுகிறார் என்றவர்களே கதவைத் தட்டுவார்கள். 2005 முதல் இயங்கும் நூலகம் இணையத்தளத்தில் நம்மவர்களின் பழைய பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. அதற்குள் ஒரு வகுப்பையே இறக்கிவிடலாம். வாரம் ஒரு புதிய பொத்தானைத் தேடுவதைவிட அதில் எவ்வளவோ வேலை இருக்கிறது. அப்பாவிடம் கேட்டால், எந்தச் சஞ்சிகையில் எதைப் பார்ப்பது என்று இரண்டு பக்கத்துக்கு எழுதுவார். கேட்டிருக்கிறீர்களா?

தவணை விடுமுறைத் திகதி உங்கள் கையில் இருக்கும். வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறினால் விடிய நெல்லியடியில் இறங்கலாம். டிக்கெட்டை எடுத்துவிட்டு வந்து உட்காருங்கள். போனை மகனிடம் கொடுத்து வேறு அறைக்கு அனுப்புங்கள். தாளில் முதல் வரியாக அந்தத் திகதியை எழுதுங்கள். போன கடிதங்களை எழுதியது யார் என்று அடுத்த வரியில் சொல்லிவிடுங்கள். அவர் அதைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பினால், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.