பழைய அமெரிக்க மேடை நடிகைகள்ல உங்களுக்கு ரொம்பப் புடிச்சவங்க யாரு?

மாட் ஆடம்ஸ். எல்லாரும் இவங்கள பீட்டர் பேன் நடிகைன்னுதான் சொல்வாங்க, ஆனா நான் காலேஜ் நாடகங்களுக்கு லைட் போட்டுட்டுத் திரிஞ்சவன், எனக்கு இவங்க மேல பிரியம் வந்த கதை வேற.

1872ல சால்ட் லேக் சிட்டில பொறந்தாங்க. அம்மாவும் நாடகக்காரங்க, அதனால கைக்குழந்தையாவே மேடை ஏறியாச்சு. அப்புறம் சார்லஸ் ஃப்ரோமன்னு ஒரு தயாரிப்பாளர் தூக்கிவிட்டார். 1905 நவம்பர் 6, நியூயார்க் எம்பயர் தியேட்டர்ல பீட்டர் பேன் நாடகம். வளரவே மாட்டேன்னு அடம்புடிக்கிற பொடியன் வேஷம், இவங்களுக்கு 33 வயசு ஆக இன்னும் 5 நாள்தான் பாக்கி! அந்த டிரஸ்ல இருந்த வட்டக் காலர்தான் இன்னைக்கும் குழந்தைங்க கவுன்ல பீட்டர் பேன் காலர்னு வருது.

அதுல டிங்கர் பெல்னு ஒரு குட்டி தேவதை. அதுக்கு ஆளே கிடையாது, மேடைல அங்கயும் இங்கயும் ஓடுற ஒரு துளி வெளிச்சம் அவ்ளோதான். விஷத்தக் குடிச்சிட்டு அது மங்கிட்டே வரும், பீட்டர் நேரா ஜனங்களப் பாத்து தேவதைங்க இருக்காங்கன்னு நம்புறவங்க கை தட்டுங்கன்னு கெஞ்சுவான், தட்டுனா பொழச்சுக்கும். டிம்மர் (வெளிச்சத்தக் கூட்டிக் கொறைக்கிற கருவி) புடிச்சவனுக்குத்தான் தெரியும் அந்த எடத்தோட படபடப்பு. (நான் ஒரு தடவ சாவு சீன்ல ஃபுல் லைட்ட ஏத்திட்டு வாங்குன திட்டு தனிக்கதை.)

1915ல லூசிடானியா கப்பல ஜெர்மன் நீர்மூழ்கி அடிச்சப்போ அதுல இருந்த ஃப்ரோமன் செத்துப் போய்ட்டார். 1918ல உடம்பு முடியாம இவங்களும் மேடைய விட்டாங்க. சம்பாதிச்சது போதும்னு வீட்டுல உக்காருவாங்கன்னு பாத்தா, 1920கள்ல நியூயார்க் மாநிலத்து ஸ்கெனெக்டடி ஊர்ல ஜெனரல் எலக்ட்ரிக் லேபுக்குப் போய் பல்பு ஆராய்ச்சில எறங்கிட்டாங்க! கலர் படம் எடுக்க வெளிச்சம் எக்கச்சக்கமா வேணும், அதுக்குத் தாங்குற மாதிரி பெரிய பவர் பல்பு. நம்மூர்ப் பக்கம் நடக்குற கிப்ளிங்கோட கிம் கதைய கலர்ல எடுக்கணும்னு ஆசை வேற, அது கடைசி வரைக்கும் நடக்கல.

1931ல ஷேக்ஸ்பியரோட மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ் நாடகத்துல கதாநாயகி போர்ஷியாவா ஒரு ரவுண்டு வந்தாங்க, 1937லேருந்து மிசூரில ஸ்டீஃபன்ஸ் காலேஜ்ல பொண்ணுங்களுக்கு நாடகம் சொல்லிக் குடுத்தாங்க, 1953ல காலமானாங்க. சினிமாவுக்காக பல்போட மல்லுக்கட்டுனவங்க ஒரு படத்துல கூட நடிக்கல, 1938ல எடுத்த ஒரு ஸ்கிரீன் டெஸ்ட் மட்டும் இருக்கு.