நீர்ப்பறவைகள் மாசைக் காட்டிக்கொடுப்பது எப்படி?

"நீரையே சோதித்துவிடலாமே, பறவைகள் எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு குடுவை நீர், அதை அள்ளிய நேரத்து நிலையைத்தான் சொல்லும். பறவையோ மாதக்கணக்கில் அங்கேயே மேய்ந்து, தின்றதோடு வரும் மாசை உடலில் சேர்த்து வைக்கிறது.

கலிபோர்னியாவின் கெஸ்டர்சன் நீர்த்தேக்கத்தைப் பாருங்கள். சான் வாக்கின் பள்ளத்தாக்கின் பாசன வடிகால் நீர் கால்வாய் வழியே அங்கு வந்து தேங்கியது. 1983-இல் நாமக்கோழி, நெடுங்கால் உள்ளான் ஆகியவற்றின் முட்டைகளைத் திறந்து பார்த்தவர்கள் அதிர்ந்தார்கள். கண்ணே இல்லாத கருக்கள், கோணிய அலகுகள், வளராத கால்கள். மண்ணிலிருந்து கரைந்து வந்த செலினியம் என்ற தனிமம்தான் காரணம். நீரில் சொற்பமாக இருந்தது பாசியிலும் பூச்சியிலும் பல மடங்கு செறிந்து, தாய்ப்பறவை வழியாக முட்டைக்குள் போய்விட்டது. இளங்கரு அந்த நஞ்சைத் தாங்குமா?

இறகும் நல்ல சாட்சி. வளரும்போது இரத்தத்தில் இருக்கும் பாதரசம் அதில் படிந்துவிடும். பறவையைக் கொல்லாமலே சோதிக்கலாம்.

ஆனால் தலைகளை மட்டும் எண்ணி ஏமாந்துவிடாதீர்கள். கழிவுநீர் கலந்த ஏரியில் புழு பெருகினால் பறவைக் கூட்டமும் பெருகும். கூடுகளில் எத்தனை குஞ்சுகள் பொரிகின்றன என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.